எல்லைப்புறக் களத்தில் தரவு திரட்டல்: பாலக்காடு, இடுக்கி மலைப்பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளில் தரவு திரட்டல் பற்றிய செய்தி பெரும்பாலும் முதல் இயலின் ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது. நேர்காணல், உற்றுநோக்கல், வினாநிரல் ஆகிய முறைகளில் தரவுகள் திரட்டப்பெற்றன என்னும் தொடரோடு அது முற்றுப்பெறும். யார், யாரிடம், எம்மொழியில், எவர் முன்னிலையில், எதைக் கேட்டார் என்பன அத்தொடருக்குள் மறைந்துவிடுகின்றன. ஒரே மொழி வழங்கும் சமவெளி ஊர்களில் இதனால் நேரும் இழப்பு எளிதில் புலப்படுவதில்லை. இரு மாநிலங்களும் பல மொழிகளும் கூடும் மலைப்புறத்தில் அது பெரிதாகத் தெரியும்.

வழங்கும் சொல்லைத் தரவாகக் கொள்ளும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே நோக்கி நூல் செய்தார் எனச் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. திசைச்சொல்லுக்கு விளக்கம் தந்த உரை மரபில், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என வழங்குவர் என்னும் எடுத்துக்காட்டு இடம்பெற்றுள்ளது. அச்சொல் மலையாளத்தில் இன்றும் வழங்குவது அப்பதிவின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகும். ஆயினும் அதனை யார் கேட்டார், யார் வாயிலிருந்து கேட்டார் என்னும் செய்தி நமக்கு எட்டவில்லை. சொல் எஞ்சியது, சொன்னவர் எஞ்சவில்லை.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்களில் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் தரவு திரட்டப்பட்ட முறைகளை இக்கட்டுரை திரும்பிப் பார்க்கிறது. கேட்போரும் சொல்வோரும் எதிர்ப்படும் சூழலில்தான் தரவு உருவாகிறது. ஆகவே அச்சூழலும் தரவின் பகுதியாகப் பதிவுபெற வேண்டும் என்பதே இதன் மையக் கருத்தாகும்.

களத்தின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஓர் அகன்ற வாயிலாக அமைந்துள்ளது. அதன் வடக்கில் இருளர், முதுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடி உள்ளது. கணவாயின் கிழக்கு முகப்பில் தமிழ் பேசுவோர் மிகுந்த சிற்றூர் வட்டம் அமைந்துள்ளது. தெற்கில் நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும் காடர் முதலிய குடிகளின் வாழிடங்களாகும். பறம்பிக்குளம் நிருவாகத்தால் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குச் செல்லும் சாலையோ தமிழ்நாட்டின் சேத்துமடை வழியே செல்கிறது. வரைபடத்தின் எல்லையும் மக்கள் நடக்கும் வழியும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனைமலையைக் கடந்து தெற்கே சென்றால் இடுக்கி மாவட்டம். 1972இல் உருவான இம்மாவட்டத்தில் முதுவர், மன்னான், பளியர், ஊராளி முதலிய குடிகள் வாழ்கின்றனர். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழர் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் உள்ளனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி, சின்னாறு ஆகிய வழிகளால் தேனி, திருப்பூர் மாவட்டங்களோடு இம்மலை தொடர்பு கொண்டுள்ளது.

இத்தகைய களத்தில் ஆய்வாளர் எவ்வழியாக வந்தார் என்பதே அவர் பெறும் விடையைப் பாதிக்கக்கூடும். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குச் செல்பவரை ஊரார் தமிழர் எனக் கொள்வர். மண்ணார்க்காட்டிலிருந்து மலையேறி முக்காலி வழியாக வருபவரை மலையாளி எனக் கொள்வர். முன்னவரிடம் தமிழிலும் பின்னவரிடம் மலையாளத்திலும் பேச இருளர்களால் இயலும். ஒரே ஊரில், ஒரே முதியவரிடம், ஒரே வாரத்தில் திரட்டப்படும் இரு சொற்பட்டியல்கள் வேறுபட்டு அமையுமாயின், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் சொன்னவரின் மொழியாக மட்டும் இருத்தல் இயலாது. தம் மொழியை இருவருக்கும் முழுமையாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அளவைக் கருவியும் விடுமுறை நாளும்

இந்திய அரசின் இனவரைவியல் அளவாய்வு 1901இல் தொடங்கியபோது சென்னை மாகாணப் பணிக்குப் பொறுப்பேற்றவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். கா. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருந்தொகுப்பு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மூக்கின் அகலம், தலையின் நீளம் ஆகியவற்றைக் கருவி கொண்டு அளப்பது அவர்தம் முறைகளுள் ஒன்று. வயநாட்டுப் பணியப் பெண்கள் தம்மைக் கண்டு ஓடியதை அவரே பதிவு செய்துள்ளார். தம்முள் சிறந்தவரைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என அவர்கள் அஞ்சினராம். அவர் அதனை நகைச்சுவையாகவே குறித்தார். இன்று அதனைப் படிப்போர்க்கு வேறொன்று தோன்றும். அப்பெண்கள் அருங்காட்சியகம் என்னும் நிறுவனத்தின் நோக்கத்தை முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டனர் எனச் சொல்லிவிட இயலுமா என்பதே அது. அளவெண்கள் பின்னாளில் பயன்குன்றின. ஓடிய செய்தியே இன்றைய ஆய்வாளர்க்குப் பயன்படும் தரவாக எஞ்சியுள்ளது.

இதே காலத்தில் பாலக்காட்டில் பிறந்த ஒருவர் வேறொரு வகையில் களம் புகுந்தார். 1861இல் இலட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரிடம் 1902இல் கொச்சி அரசு இனவரைவியல் பணியை ஒப்படைத்தது. ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே, ஊதியமின்றி, விடுமுறை நாள்களில் அவர் இப்பணியைச் செய்தார். கொச்சிக் குடிகளும் குலங்களும் என்னும் அவரது நூலின் முதல் தொகுதி 1909இலும் இரண்டாம் தொகுதி 1912இலும் வெளிவந்தன. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் பகுதிக் காடர், சிற்றூர்ப் பகுதி எரவாளர் முதலியோர் பற்றிய விரிவான தொடக்கப் பதிவுகள் முதல் தொகுதியில் உள்ளன. பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையை வளர்த்த பெருமை அவருக்கு உண்டு.

அவர்தம் மகன் எல். ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர். 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த திருவிதாங்கூர்க் குடிகளும் குலங்களும் என்னும் நூலில், இன்றைய இடுக்கிப் பகுதியின் முதுவர், மன்னான், பளியர், ஊராளி ஆகியோர் பற்றிய செய்திகளைத் தொகுத்தார். பாலக்காட்டுக் குடும்பம் ஒன்றின் இரு தலைமுறையினர் இவ்விரு மலைப்புறங்களையும் பதிவு செய்தனர் என்பது ஆய்வு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இவ்விருவரின் உழைப்பை மதிக்கும் அதே வேளையில், அவர்கள் நின்ற இடத்தையும் நோக்குதல் வேண்டும். விடுமுறையில் வருபவர் ஊரில் சில நாள்களே தங்க இயலும். விதைப்பு, மகப்பேறு, இறப்பு ஆகியன அவர் வரும் நாளில் நிகழ வேண்டும் என்பதில்லை. ஆகவே நேரில் கண்டதைவிடப் பிறர் விவரித்ததே மிகுதியாகப் பதிவாகும். வனத்துறை அலுவலரிடம் பேசும் மலைக்குடியினர்க்கு, காட்டில் தீயிட்டுப் பயிர் செய்தல், வேட்டை, தேனெடுத்தல் பற்றிய ஒவ்வொரு விடையும் தம் வாழ்வுரிமையைத் தொடுவது. சொல்லாமல் விடப்பட்டவை அங்கு மிகுதியாகவே இருந்திருக்கும். ஆய்வாளரின் பதவியை அறியாமல் அவர் திரட்டிய தரவைப் படிப்பது, நாள் குறிக்காத மடலைப் படிப்பது போன்றதாகும்.

சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறையில் பணியாற்றிய ஆஸ்திரிய அறிஞர் எரன்ஃபெல்சு, கொச்சிக் காடர் பற்றிய தம் நூலை 1952இல் வெளியிட்டார். பல குடிகளை ஒரு தொகுதியில் அடக்கும் முறையிலிருந்து ஒரு குடியைத் தனியே விரிவாக ஆராயும் முறைக்கு ஆய்வு நகர்ந்ததை அந்நூல் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பும் எண்ணிக்கையும்

மொழித் தரவு திரட்டலில் மிகப் பெரும் முயற்சி கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வு. அது சென்னை மாகாணத்தை நேரடியாக உட்கொள்ளவில்லை. எனினும் 1906இல் வெளிவந்த அதன் நான்காம் தொகுதி திராவிட மொழிகளை வகைப்படுத்தியது. விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையை ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்துப் பெறுவது அவ்வளவாய்வின் முதன்மை முறை. ஒரே கதை எல்லா மொழியிலும் கிடைப்பதால் ஒப்பிடுதல் எளிதாயிற்று. ஆயினும் அது மொழிபெயர்ப்பு. ஒருவர் தம் மக்களோடு இயல்பாகப் பேசும் பேச்சன்று. பன்றி மேய்த்தலும் சொத்துப் பிரித்தலும் வரும் அக்கதை, தனிச்சொத்து என்பதே பெரிதாக இல்லாத காட்டுக் குடியின் சொல்வளத்தை வெளிக்கொணரும் எனக் கருத இயலாது.

அத்தொகுதி இருளம், கொரவம், கைக்காடி முதலியவற்றைத் தமிழின் கிளைமொழிகளாக வைத்தது. நூறாண்டுக்குப் பின், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையிலும் இருளர் மொழி தமிழின்கீழ் அடங்கும் தாய்மொழியாகவே உள்ளது. இடைப்பட்ட காலத்தில் கமில் சுவெலபில் 1973 தொடங்கி வெளியிட்ட நூல்களில் இருளத்தைத் தென்திராவிடத்தின் தனிமொழியாக விளக்கியிருந்தார். களத்தில் பெற்ற சான்று மாறியது. அட்டவணையின் கட்டம் மாறவில்லை.

எண்களையும் நோக்கலாம். 2011இல் இருளர் மொழியைத் தாய்மொழியாகக் குறித்தவர் 11,870 பேர். இருளர் என்னும் பழங்குடியினராகப் பதிவானோர் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்ந்து இரண்டு இலட்சத்தினும் மிக்கவர். வடதமிழ்நாட்டு இருளர் பலர் தமிழையே வீட்டு மொழியாகக் கொண்டவர் என்பதால் இவ்விடைவெளி முழுவதையும் முறையின் குறையாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் பள்ளி ஆசிரியரோ அரசு அலுவலரோ கணக்கெடுப்பாளராக வந்து தாய்மொழி யாது எனக் கேட்கும்போது, ஊரார் பலர் அரசு அறிந்த மொழியின் பெயரையே சொல்வர் என்பதும் கருதத்தக்கது. நாடு முழுவதும் 10,000 பேருக்குக் குறைவாகப் பதிவான தாய்மொழிகள் பிற என்னும் தலைப்பில் ஒடுங்கிவிடும். ஆகவே சிறு குடியொன்றில் சில நூறு பேர் எவ்வாறு விடையளிக்கின்றனர் என்பதைப் பொறுத்து ஒரு மொழியின் பெயர் அட்டவணையில் இருக்கும் அல்லது மறையும்.

எண்ணிக்கை எல்லையையே தீர்மானிக்கும் காலமும் இருந்தது. 1955இல் அறிக்கையளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் பற்றிய வழக்கு இருந்தது. அங்குத் தமிழ் பேசுவோர் மிகுதி என்பது ஒரு தரப்பின் சான்று. அவருள் பலர் தோட்டத் தொழிலுக்காக வந்து செல்வோர் என்பது மறுதரப்பின் விளக்கம். தலைகளை எண்ணுவதில் இரு தரப்பிற்கும் பெரிய பிணக்கு இல்லை. யாரை அவ்வூரார் என எண்ணுவது என்பதிலேயே வழக்கு இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அவ்விரு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. தரவின் வரையறை அறிஞர்களுக்கு இடையிலான நுண்விவாதமாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதனை இந்நிகழ்வு உணர்த்தும்.

கேட்கும் மொழியும் எழுதும் எழுத்தும்

சொற்பட்டியல் கொண்டு கேட்கும் முறை இன்றும் பரவலாக உள்ளது. தமிழில் ஒரு சொல்லைச் சொல்லி, இதற்கு உங்கள் மொழியில் என்ன எனக் கேட்கும்போது, அதனோடு ஒலியொத்த சொல் இருப்பின் அதுவே முதலில் விடையாக வரும். வேறொரு சொல் அன்றாட வழக்கில் இருப்பினும் அது பின்தங்கிவிடும். இவ்வகையில் தமிழில் கேட்டவர் தமிழோடு நெருக்கத்தையும், மலையாளத்தில் கேட்டவர் மலையாளத்தோடு நெருக்கத்தையும் காண்பர். காடர் பேச்சு தமிழின் சாயல் என்றும் மலையாளத்தின் சாயல் என்றும் இருவகையாகவும் எழுதப்பட்டிருப்பதை இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். பொருளைக் காட்டிக் கேட்டல், செயலைச் செய்துகொண்டிருக்கும்போது கேட்டல், இருவர் தமக்குள் பேசுவதை இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்தல் ஆகியன இக்குறையைக் குறைக்கும். தேன் எடுத்து வந்தவர் கயிறு, கூடை, புகை, ஈ ஆகியவற்றைக் குறித்து வீட்டாரிடம் சொல்லும் ஒரு மணிநேரப் பேச்சு, ஐந்நூறு சொற்கள் கொண்ட பட்டியலினும் மிகுந்த பயன் தரும்.

எழுத்தும் ஒரு கருவியே; அதற்கும் எல்லை உண்டு. இருளத்தில் நாவின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகள் உள்ளன. அவை அம்மொழியைத் தமிழிலிருந்து வேறுபடுத்தும் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாகும். இவ்வுயிர்களைக் குறிக்கத் தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் முழுமையான குறியீடுகள் இல்லை. களக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தால் எழுதிக்கொண்ட அன்றே அவ்வேறுபாடு கரைந்துவிடுகிறது. பின்னர் அக்குறிப்பேட்டைத் தரவாகக் கொண்டு இருளம் தமிழை ஒத்தது என முடிவு கூறுதல், கேள்வியையே விடையாகக் கொள்வதாகும். ஒலிப்பதிவைப் பேணுதலும், பன்னாட்டு ஒலிக்குறியீட்டில் எழுதுதலும், எவ்வெழுத்தில் எழுதப்பட்டது எனக் குறித்தலும் இவ்விடத்தில் இன்றியமையாதன.

வேறுபாடுகளுக்கான காரணிகளைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. வ. அய். சுப்பிரமணியம் தலைமையில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறை நடத்தி 1974இல் வெளியிட்ட மலையாளக் கிளைமொழி அளவாய்வு, ஈழவ - தீயர் என்னும் ஒரு சமூகத்தாரின் பேச்சையே கேரளம் முழுவதிலும் திரட்டியது. சமூகத்தை நிலையாக வைத்தமையால், கண்ட வேறுபாடுகளை இடத்தின் வேறுபாடாகக் கொள்ள இடமேற்பட்டது. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய அவ்வறிஞரின் இம்முறை, எதைத் திரட்டவில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்வதால் நம்பகத்தன்மை பெறுகிறது.

பனுவலோடு களம் புகுதல்

தமிழ்த்துறை ஆய்வாளர்க்கே உரிய ஒரு நிலை உண்டு. அவர் களத்துக்குள் நுழையும்போதே ஒரு பனுவலை நெஞ்சில் சுமந்து செல்கிறார். இதனால் விளைந்த பயனும் பெரிது. நேரக்கூடிய இடரும் பெரிது.

பயனுக்குச் சான்றாகப் பேராசிரியர் சி. கோவிந்தராசனாரின் பணியைச் சுட்டலாம். சிலப்பதிகாரம் கூறும் வழியைக் கால்நடையாகத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், தேனி - இடுக்கி எல்லை மலைமீதுள்ள கோயிலைக் கண்ணகி கோட்டமாக 1963இல் இனங்கண்டார். காப்பியத்தையே வழிகாட்டும் வரைபடமாகக் கொண்ட துணிவு அதில் உண்டு. மங்கலதேவி எனவும் வழங்கும் அக்கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் உள்ளது. சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே பொதுமக்கள் வழிபட இசைவு அளிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளில் திரட்டப்படும் தரவு விழாவின் தரவாக அமையும். மலையின் அன்றாட வாழ்வுக்கு அது சான்றாகாது.

அதே மாவட்டத்தில் கட்டப்பனையை அடுத்த கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு, தமக்கென அரசரை உடைய மன்னான் குடியினர் வாழ்கின்றனர். தாய்வழி மரபினரான அவர்கள் காலாவூட்டு விழாவில் நிகழ்த்தும் மன்னான் கூத்து கோவலன், கண்ணகி கதையைப் பொருளாகக் கொண்டது. சிலம்பைக் கற்றவர் இக்கூத்தைக் கேட்கும்போது இயல்பாகவே இளங்கோவின் காதைகளோடு ஒப்பிடத் தொடங்குகிறார். ஒத்தன அனைத்தும் எச்சம் என்றும், வேறுபட்டன அனைத்தும் சிதைவு என்றும் குறிப்பேட்டில் பதிவாகின்றன. அக்குடியினர்க்கோ அது தம் முன்னோரும் தெய்வங்களும் கூடும் இரவின் பாட்டு. எவ்விடத்தில் ஆட்டம் விரைவுபெறுகிறது, யார் எழுந்து ஆடுகின்றனர், பெண்கள் எப்போது சேர்கின்றனர், எப்பகுதி விடுபட்டால் முதியோர் திருத்துகின்றனர் என்பன சிலம்போடு ஒப்பிடும் அட்டவணையில் இடம்பெறுவதில்லை. கூத்தை அதன் முழுமையில் பதிந்த பின்னரே ஒப்பீடு தொடங்குதல் நன்று.

முதுவரின் பெயர் விளக்கமும் இத்தகையதே. மதுரையை விட்டு மலையேறியபோது முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக அவர்தம் வழக்காறு கூறும். சுமந்தது குழந்தைகளை என்பாரும், தெய்வத் திருவுருவை என்பாரும் உளர். எது சரியானது என ஆராய்ந்து ஒன்றைத் தள்ளிவிடும் ஆய்வாளர், வரலாற்றுத் தரவு ஒன்றைத் தேடியவராவர். எவ்வூரில், எக்கிளையினர், யாரிடம் எவ்வடிவத்தைச் சொல்கின்றனர் எனப் பதிபவர்க்கோ அக்குடி தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணமே தரவாகக் கிடைக்கிறது.

எல்லையிலிருந்து சற்று உள்ளே, பாலக்காட்டு மாவட்டத்தின் பத்திரகாளி கோயில்களில் நிகழும் தோற்பாவைக் கூத்து மற்றொரு சான்று. கம்பராமாயணச் செய்யுள்களைப் புலவர் எனப்படும் கலைஞர்கள் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விரித்துரைப்பர். இராவணன் வதம் நிகழ்ந்தபோது தாரிகனோடு போரிட்டமையால் அதனைக் காணாத காளிக்காக இக்கூத்து நடத்தப்படுவதாக நம்பிக்கை. இதனை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய செய்தியை மையமாக்கினார். இரவு முழுதும் நிகழும் கூத்தின் பெரும்பகுதியில் மாடத்தின் முன் மனிதப் பார்வையாளர் எவரும் இல்லை என்பதே அது. திரைக்குப் பின்னுள்ள கலைஞர்களே ஒருவருக்கொருவர் கேட்போராகி, வினா விடையாகக் கதையை வளர்க்கின்றனர் என அவர் கண்டார். கம்பனின் பாடல்களை மட்டும் ஒப்பிட வந்தவர் பகலில் புலவர் வீட்டில் அமர்ந்து பாடல்களைச் சொல்லச் செய்து எழுதிக்கொண்டு திரும்பியிருப்பார். ஆளில்லாத முற்றத்தில் விடியும்வரை விழித்திருந்தவர்க்கே அக்கலையின் இயல்பு புலப்பட்டது. அவர் அங்கு அமர்ந்த அந்த இரவில் பார்வையாளர் ஒருவர் தோன்றிவிட்டார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

கேட்கப்படாதோர்

மலையூர்களில் ஆய்வாளரை முதலில் எதிர்கொள்பவர் ஊர்த்தலைவர். அட்டப்பாடி இருளரிடையே மூப்பன், குருதலை, பண்டாரி, மண்ணுக்காரன் எனப் பொறுப்புகள் பகுக்கப்பட்டுள்ளன. நிலமும் விதைப்பும் சார்ந்த சடங்கறிவு மண்ணுக்காரனைச் சார்ந்தது. மூப்பனிடம் இசைவு பெறுதல் முறை. அனைத்தையும் மூப்பனிடமே கேட்டு முடித்தல் முறையன்று. அறிவு ஊருக்குள் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது என்பதனை உணராத நேர்காணல், ஒருவர் சொன்னதை ஊர் சொன்னதாக ஆக்கிவிடும்.

பெண்களின் குரல் இன்னும் அரிதாகவே பதிவாகியுள்ளது. முதுவர் பெண்கள் அயலார்முன் வருவதை மரபாகத் தவிர்ப்பவர். முற்காலத்தில் ஆண் ஆய்வாளர்கள் முதுவர் பேச்சு எனக் குறித்தவை பெரும்பாலும் ஆண்கள் அயலாரிடம் பேசியவையாகவே இருத்தல் கூடும். தாலாட்டு, மகப்பேறு, தனித்திருக்கும் நாள்களுக்குரிய சொற்கள் ஆகியன பெண் ஆய்வாளரின் பொறுமையான நட்பினாலேயே கிடைக்கும். கிடைத்த பின்னும் அவற்றுள் எவை வெளியிடத்தக்கவை என்பதை அப்பெண்களே முடிவு செய்ய வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக இடமலைக்குடி உருவானமை, அங்குச் செல்லும் ஆய்வாளர் யாரிடம் பொறுப்புடையவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவையும் தந்துள்ளது.

தோட்டப் புறங்களில் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஊதியமும் போனசும் கோரிப் பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் திரண்டனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தினர். தோட்ட அலுவலகத்தின் ஏடுகளிலும் சங்க அலுவலகத்தின் நேர்காணல்களிலும் மட்டும் தரவு திரட்டிய ஒருவர் அத்திரளை முன்னுணர்ந்திருக்க இயலாது. கொழுந்து நிறுக்கும் இடத்திலும், மாலையில் லயத்து வாசலிலும், தண்ணீர் பிடிக்கும் குழாயடியிலும் பேசப்பட்டவற்றைக் கேட்டவர்க்கே அது புலனாகியிருக்கும். கண்காணியின் முன்னிலையில் நிரப்பப்படும் வினாநிரல் கண்காணியின் வினாநிரலாகவே அமையும்.

பெயரும் உரிமையும்

சிலப்பதிகாரத்தின் கதைப்போக்கிலேயே ஒரு கள நிகழ்வு உள்ளது. கண்ணகி விண்ணேறியதைக் கண்ட மலைவாழ் குறவர் சேர வேந்தனிடம் வந்து அதனைக் கூறுகின்றனர். காப்பியத்தின் மூன்றாம் காண்டம் அவர்கள் தந்த சான்றின்மேல் எழுகிறது. கேட்ட அரசன், உடனிருந்த சாத்தனார், எழுதிய இளங்கோ ஆகியோரின் பெயர்கள் நிலைத்தன. கண்டு சொன்னவர் குறவர் என்னும் பொதுப்பெயரால் மட்டும் அறியப்பட்டனர்.

அந்நிலை மாறும் குறிகளும் தோன்றியுள்ளன. 2020இல் வெளிவந்த ஐயப்பனும் கோஷியும் திரைப்படத்தில் அட்டப்பாடி இருளர் பாடகி நஞ்சியம்மா தம் மொழியில் புனைந்து பாடிய பாடல் அவர் பெயரோடே வெளியாயிற்று. அதற்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022இல் கிடைத்தது. அட்டவணையில் தமிழின் உட்பிரிவாக நின்ற மொழி, தன் பெயரோடும் தன் பாடகியின் பெயரோடும் நாடெங்கும் கேட்டது. நாட்டார் பாடல் தொகுப்புகளில் பாடியவர் பெயரை விட்டுவிடும் வழக்கத்தை ஆய்வுலகம் மறுசிந்தனைக்கு உட்படுத்த இது தக்க தருணம்.

பெயரிடுதல் எப்போதும் நன்மையாகாது என்பதும் உண்மை. வனத்தில் எங்குச் செல்கிறார், யாருடைய நிலத்தில் பயிரிடுகிறார், யாரை எதிர்த்துப் பேசினார் என்பனவற்றோடு ஒருவர் பெயரைச் சேர்த்து வெளியிடுதல் அவருக்கு ஊறு விளைவிக்கலாம். ஆகவே பாட்டுக்குப் பெயரிடுதலும் வாக்குமூலத்தில் பெயர் மறைத்தலும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். எதைப் பெயரோடு வெளியிடலாம் எனச் சொன்னவரிடமே கேட்டுப் பதிதல் வேண்டும். வனத்துறையும் பழங்குடியினர் வளர்ச்சித் துறையும் தரும் இசைவு நுழைவதற்கான இசைவு மட்டுமே. சொல்வோரின் இசைவுக்கு அது ஈடாகாது. ஒலிப்பதிவின் படியொன்று அவ்வூருக்கோ ஊரின் பள்ளிக்கோ திரும்பச் சென்று சேருதலும் முறையின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

முடிவுரை

மூக்களவு, உவமை மொழிபெயர்ப்பு, தாய்மொழி எண்ணிக்கை, சொற்பட்டியல், பனுவல் ஒப்பீடு எனப் பாலக்காட்டு, இடுக்கி மலைப்புறங்களில் பல முறைகள் கையாளப்பட்டுள்ளன. அவற்றுள் எதனையும் முற்றும் பயனற்றது எனத் தள்ளவோ, எதனையும் குறையற்றது எனக் கொள்ளவோ இயலாது. ஒவ்வொரு முறையும் தன் கேள்விக்கேற்ற விடையையே பெற்றுள்ளது. எனவே எல்லைப்புறக் கள ஆய்வேடு ஒவ்வொன்றும் கேட்ட மொழி, எழுதிய எழுத்து, உடனிருந்தோர், ஆய்வாளர் வந்த வழி, தங்கிய நாள்கள், மறுக்கப்பட்ட கேள்விகள், சொன்னவரின் இசைவு ஆகிய ஏழு செய்திகளைத் தரவோடு சேர்த்துப் பதியுமாயின், பின்வருவோர் அத்தரவை ஐயமின்றிப் பயன்படுத்தவும் தேவைப்படின் திருத்தவும் இயலும்.

தள்ளை என்னும் சொல்லை உரையாசிரியர்கள் காத்துத் தந்தனர். அதன்பொருட்டுத் தமிழுலகம் அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளது. இன்று மலையேறும் ஆய்வாளர் கையில் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. சொல்லையும் அதனைச் சொன்ன குரலையும் ஒருங்கே காக்கும் வாய்ப்பு முன்னோர்க்கு இல்லாதது; அது இன்றையோர்க்கு உண்டு.